மாமா சொல்லும் இனத்தைப் பிள்ளையின் பத்திரத்தில் எழுதலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்): "நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தார். அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில்தான் என் கல்யாணச் செலவும் நடந்தது. இப்போது நான் ஆசிரியை. வங்கியில் வேலை செய்யும் கணவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். இருவரும் விரும்பித் திருமணம் செய்து ஹட்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதியும்போது தாயின் இனம் என்ற இடத்தில் 'இலங்கைத் தமிழர்' என்றும், என் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயருக்குப் பதிலாக 'ஹட்டன்' என்றும் எழுதச் சொல்கிறார் மாமா. என் பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்' என்றுதான் இருக்கிறது. துடக்குக் கழிவை (பிறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்கை) யாழ்ப்பாணத்தில் செய்வோம், அம்மாவுக்குப் பயணம் கஷ்டம், அவர் வரத் தேவையில்லை என்கிறார் மாமி. 'பேருக்குத்தானே, ஒருக்கா விட்டுக்குடு' என்கிறார் கணவர். அம்மாவோ, 'அவுங்க சொல்றபடியே எழுதிடு பாப்பா, பேத்தியாவது நிம்மதியா இருக்கட்டும், நான் வரல' என்கிறார். நானும் என் பாடசாலையில் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவள் என்று யாரிடமும் சொன்னதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

பிரசவத்தின் களைப்பு தீராத நாட்களில் இவ்வளவு பெரிய சுமையை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. ஆகவே அவசரத்தைக் குறைக்கும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதே நம் நாட்டு விதி. அதைத் தாண்டினாலும் மூன்று மாதம் வரை சாதாரணப் பதிவுக்கு வழி உண்டு. காலங்கடந்த பதிவு என்ற தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உங்களுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. துடக்குக் கழிவுக்கு முன்பே பத்திரம் கையில் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல.

பிறந்த இடத்தை மாற்றி எழுதும் யோசனையை யோசனையளவிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பது உங்கள் பிறப்புச் சான்றிதழில் ஏற்கனவே பதிவாகியிருக்கும் செய்தி. தெரிந்துகொண்டே பதிவாளருக்குப் பிழையான தகவல் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, தாயின் பத்திரத்தில் ஓர் இடமும் மகளின் பத்திரத்தில் வேறோர் இடமும் இருந்தால், அந்த முரண்பாட்டை விளக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையப்போகிறவர் உங்கள் மாமா அல்லர். அடையாள அட்டை எடுக்கும்போதோ கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ நீங்களும் உங்கள் மகளும்தான் அலைவீர்கள். இதை மாமாவிடம் இப்படியே, கோபமில்லாமல், ஒரு நடைமுறைச் சிக்கலாகச் சொல்லலாம். பத்திரங்களின் அருமை தெரிந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதால் அவர் இதை விளங்கிக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இனம் என்ற கட்டத்தைப் பற்றி அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. முதலில் உங்கள் மனத்தில் இருக்கக்கூடிய ஒரு பயத்தை நீக்கிவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் எது எழுதப்பட்டாலும் இன்றைய சட்டத்தின்படி உங்கள் மகளின் பிரஜாவுரிமை மாறாது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாயோ தகப்பனோ ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே பிள்ளையும் பிரஜைதான். பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட ஒதுக்கீடும் பிள்ளை படித்த மாவட்டத்தைப் பார்க்கிறதே தவிர இனத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே "பிள்ளையின் எதிர்காலத்துக்காக" என்று யாராவது காரணம் காட்டினால், எந்த எதிர்காலம், எந்த அலுவலகத்தில், எந்த விதியின்படி என்று நீங்கள் பணிவாகத் திருப்பிக் கேட்கலாம்.

ஆனால் அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரு காலத்தில் அந்தக் கட்டம் உண்மையாகவே மனிதர்களின் தலைவிதியை நிர்ணயித்தது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று குடிசனக் கணக்கெடுப்பில் இரண்டு தனிப் பெயர்கள் வந்தது 1911 இல். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. பிறப்பைப் பதிந்து வைக்கும் வழக்கமே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் அந்தச் சான்று யாரிடம் இருந்திருக்கும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா, பூட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் கட்டங்கள் அதில் இருக்கும். அந்தச் சட்டம் கேட்ட கேள்விகளின் சாயலை அங்கே இன்றும் காணலாம். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்துவிட்டு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவைத்தது. 1974 இல் அவர்களையும் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் கப்பலேறவும் தம்பி இங்கேயே தங்கவும் நேர்ந்த குடும்பங்கள் மலையகமெங்கும் உண்டு. நாடற்றவர் என்ற நிலையை முற்றாக முடித்து வைத்த சட்டம் 2003 இல்தான் வந்தது, அப்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள்.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம், "எழுதிடு பாப்பா" என்று உங்கள் அம்மா சொல்வதை நீங்கள் சரியாகக் கேட்க வேண்டும் என்பதுதான். அது மாமாவின் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட சொல்லினால் வீடும் வாக்கும் ஊரும் போகும் என்பதைப் பெற்றவர்களிடமிருந்து கேட்டு வளர்ந்த பெண், பேத்திக்கு அந்த ஆபத்து வரக்கூடாது என்று நினைக்கிறார். அதோடு, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, எடை குறைந்த நாளில் அரைப்பேருக்கு (அரைநாள் சம்பளத்துக்கு) தலையாட்டி, யார் முன்னாலும் குரல் உயர்த்தாமல் வாழ்ந்தவர்களுக்குத் தம்மை ஒதுக்கிக்கொள்வது பழகிப்போயிருக்கும். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021 இல்தான். உங்கள் அம்மா கூடை சுமந்த ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் அவர் வாங்கியது அதைவிடக் குறைவு. அந்தச் சம்பளத்தில் உங்களை ஆசிரியையாக்கியவர் தன் வாயாலேயே "நான் வரல" என்று சொல்லும்போது அதை அனுமதியாக எடுத்துக்கொள்வது நியாயமாகாது. ஆபத்து இப்போது இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, "உனக்கு வர விருப்பமா, இல்லையா?" என்பதை மட்டும் தனியாகக் கேளுங்கள். பதில் வேறாக இருக்கக்கூடும்.

இனி மாமா, மாமியின் பக்கம். அவர்களைக் கொடியவர்களாக நினைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் அது எங்கும் போய்ச் சேராது. "இந்தியத் தமிழர்" என்ற சொல்லில் அவர்களுக்கு உறுத்துவது இந்தியா என்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவரின் ஊரையும் குறிச்சியையும் கேட்டால் சாதியை ஓரளவுக்கு ஊகித்துவிடுவார்கள். தோட்டத்தின் பெயரைக் கேட்டால் எதையும் ஊகிக்க முடியாது. அந்தத் தெரியாமைதான் அவர்களை அலைக்கழிக்கிறது. நாளைக்கு உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்ற பொதுவான எண்ணமும் அதன் பின்னால் இருக்கிறது. (இந்த விடயத்தில் மலையகத்தவரும் கைசுத்தமானவர்கள் அல்லர். கங்காணி வீட்டுப் பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது மேல் லயமா கீழ் லயமா என்று விசாரிக்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை.) ஆகவே அவர்கள் மாற்றச் சொல்லும் இனம் என்பது பெரும்பாலும் சாதியைப் பற்றிய பேச்சுத்தான். அதை அந்தப் பெயரிலேயே பேச உங்கள் கணவருக்குத் துணிவு வேண்டும். "அப்பா, சனம் சாதியைக் கேட்கும் எண்டுதானே பயப்பிடுறியள்?" என்று மகன் நேராகக் கேட்டால், ஆம் என்று சொல்லவும் முடியாமல் இல்லை என்று சொல்லவும் முடியாமல் அவர்கள் மௌனமாகலாம். அந்த மௌனத்திலிருந்து தொடங்கக்கூடிய உரையாடல், கட்டத்தில் எதை எழுதுவது என்ற வாக்குவாதத்தைவிடப் பயனுள்ளது.

இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையிலான கோடு அவர்கள் நினைக்குமளவுக்கு உறுதியானதும் அல்ல. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் அங்கேயே காடு வெட்டிக் குடியேறின. போரின் முழுச் சுமையையும் வடக்கு மக்களோடு சேர்ந்து சுமந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று பத்திரங்களில் இலங்கைத் தமிழர்களாகவே இருக்கிறார்கள். அரசியலிலும் கதை ஒரே மாதிரி இருக்கவில்லை. மலையக மக்கள் பிரஜாவுரிமையை இழந்த காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சரானார். அதே கட்சியில் இருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அந்தப் பிரச்சினையை முன்னிறுத்திப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். உங்கள் மாமாவின் வயதுக்காரர்கள் செல்வநாயகத்தின் பெயரை மரியாதையோடு சொல்பவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். அவர் ஏன் பிரிந்தார் என்பதை மகன் ஒரு முறை நினைவூட்டலாம்.

அப்படியானால் கட்டத்தில் எதை எழுதுவது? என் ஆலோசனை, இப்போதைக்கு உங்கள் பத்திரத்தில் உள்ளதையே எழுதுங்கள் என்பதுதான். பதிவாளர்கள் பொதுவாகப் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தே அந்த இடங்களை நிரப்புவார்கள். ஆவணங்கள் ஒத்துப்போவது உங்களுக்கு வசதி. தகப்பனின் இனமும் தாயின் இனமும் தனித்தனியாகவே எழுதப்படுவதால் உங்கள் கணவரின் அடையாளத்தை அது எந்த வகையிலும் தொடுவதில்லை. ஆனால் வேறுவிதமாக முடிவெடுக்கும் பெண்களை நான் குறைகூறமாட்டேன். "என் அம்மாவும் இங்கேதான் பிறந்தார், நானும் இங்கேதான் பிறந்தேன், என்னை ஏன் இன்னும் இந்தியர் என்று அழைக்கிறீர்கள்?" என்ற கேள்வி நியாயமானது, அதற்காகவே தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இதன் விளைவு தெரிகிறது. இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 1981 இல் நாட்டின் மக்கள்தொகையில் 5.5 சதவீதமாகவும் 2012 இல் 4.1 சதவீதமாகவும் இருந்தார்கள். "இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்" என்று கட்டத்தின் பெயரையே விரித்துக் கேட்ட 2024 கணக்கெடுப்பில் அது 2.8 சதவீதம். முந்திய குறைவில் இந்தியாவுக்குப் போனவர்களின் பங்கு உண்டு. அண்மைய சரிவுக்கு, பலர் தம்மை வேறு பெயரில் சொல்லிக்கொண்டதும் ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. சிலர் உரிமையோடு அப்படிச் சொல்கிறார்கள், சிலர் வெட்கத்தோடு சொல்கிறார்கள், சிலர் உங்களைப்போலப் பிறர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். கணக்கெடுக்கும் தாளில் மூன்றும் ஒன்றாகவே தெரியும். ஒரு சமூகத்துக்கென்று வீடோ காணியோ பாடசாலையோ கேட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களின் கையில் அந்த எண்தான் இருக்கிறது என்பதால், ஒருவர் தன் விருப்பத்தோடு பெயரை மாற்றிக்கொள்வதற்கும் இன்னொருவர் நெருக்குதலுக்குப் பணிந்து மாற்றிக்கொள்வதற்கும் நான் வேறுபாடு பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் உங்கள் விருப்பம் எங்குமே இல்லை. பிறகொருநாள் நீங்களாகவே யோசித்து வேறு முடிவுக்கு வந்தால் அது உங்கள் உரிமை.

அம்மாவை அழைக்காமல் சடங்கு செய்யும் யோசனைக்கு மட்டும் நீங்கள் இணங்க வேண்டாம். எழுத்தில் இருக்கும் ஒரு சொல்லை விட்டுக்கொடுப்பதும் ஒரு மனிதரை விட்டுக்கொடுப்பதும் ஒரே எடையுள்ளவை என்று உங்கள் கணவர் நினைப்பதாகத் தெரிகிறது. அங்கேதான் அவர் தவறுகிறார். இன்று துடக்குக் கழிவுக்கு வரவேண்டாம் என்றவர் நாளை பிள்ளையின் பிறந்தநாளுக்கு எந்தக் காரணம் சொல்வார்? சாமத்தியச் சடங்குக்கு? ஒருமுறை என்று தொடங்கும் விட்டுக்கொடுப்புகள் குடும்பங்களில் எப்படி வழக்கமாகிப் போகின்றன என்பதை என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டியைப் பிள்ளையின் கண்ணில் படாமல் வைத்து வளர்த்துவிட்டு, பிறகு பத்து வயதில் அறிமுகம் செய்ய முயன்ற ஒரு குடும்பத்தில், அந்தப் பிள்ளை பாட்டியை வீட்டு வேலைக்கு வந்தவர் என்று நினைத்துப் பேசியதை நேரில் கேட்டேன். பிள்ளையிடம் குற்றம் இல்லை, அதற்கு அப்படித்தான் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. அதோடு, உங்கள் மகள் பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தன் பத்திரத்தைத் தானே வாசிப்பாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பயணம்தான் தடை என்றால் அதற்குத் தீர்வு எளிது: சடங்கை ஹட்டனில் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் குழந்தையோடு பச்சை உடம்புக்காரி ஹட்டனிலிருந்து வடமராட்சி வரை பயணம் செய்வதைவிட, மாமாவும் மாமியும் இங்கே வருவது எல்லோருக்கும் நல்லது. இந்த யோசனையை உங்கள் கணவர் தன் யோசனையாகச் சொல்ல வேண்டும். தன் பெற்றோரிடம் பேசும் பொறுப்பு அவருடையது. அவருக்காக நீங்கள் மாமியோடு தொலைபேசியில் வாதாட ஆரம்பித்தால், பிரச்சினை "மருமகள் எடுத்தெறிந்து பேசினாள்" என்று திரும்பிவிடும், அதன் பிறகு அம்மாவைப் பற்றிய பேச்சே அடிபட்டுப்போகும். கணவரிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், குற்றச்சாட்டில் தொடங்காமல் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "நீங்கள் பேருக்குத்தான் என்று சொல்கிறீர்கள். பேருக்குத்தான் என்றால் உங்கள் அப்பாவிடம் நீங்கள் விட்டுக்கொடுக்கச் சொல்லலாம்தானே? ஏன் என்னிடம் மட்டும் கேட்கிறீர்கள்?" அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் விடுங்கள். லயத்தில் பிறந்த பெண்ணை விரும்பி மணந்தவர் கோழையாக இருக்கமாட்டார். தன் பெற்றோருக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று களைத்துப்போனவராக இருக்கலாம்.

கடைசி வரியில் நீங்கள் எழுதிய ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பாடசாலையில் நீங்கள் லயத்தில் பிறந்ததை யாருக்கும் சொன்னதில்லை என்கிறீர்கள். அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாமல் தோட்டக் காரியாலயம் வழியாகக் கடிதம் வாங்கி வளர்ந்த பிள்ளைக்கு, முகவரியைச் சொன்னவுடன் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவது சிறுவயதிலேயே பழகிவிடும். ஆனால் மாமா இன்று கேட்பதும் நீங்கள் இத்தனை காலம் செய்துவந்ததும் ஒரே திசையில் இருப்பதனால்தான் அவருக்கு மறுப்புச் சொல்ல உங்களுக்கு நா எழவில்லை என்று நினைக்கிறேன். கூட்டம் கூட்டி அறிவிக்கச் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், பேச்சோடு பேச்சாக, அம்மா எந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தார் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வகுப்பிலும் லயத்திலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். ரீச்சரும் தங்களைப்போல ஒருவர் என்று தெரிந்தால் அவர்கள் படிப்பில் காட்டும் முகமே வேறாக இருக்கும்.

கணவரோடு பேசியும் விடயம் நகரவில்லை என்றால் இருவருமாக உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கட்டணம் இல்லை, பேசியது வெளியே போகாது. அதே கட்டடத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இனம் பற்றிய கட்டத்துக்கான தற்போதைய நடைமுறையையும் கேட்டுக்கொள்ளலாம். வைத்தியசாலையில் தந்த பிறப்பு அறிக்கை, உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். இந்தப் பதிலைக் கணவருக்கு வாசிக்கக் கொடுப்பதில் தடையில்லை, ஆனால் வட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பி வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.